பதினேழு மாதம் மூத்தவன்

மே 16

இது போன வருஷத்துக்கும் முந்தின வருஷத்து உரக்கடை டைரி. என் கூடப்பிறந்த சுடலை லோடு இறக்கப் போன இடத்தில் சும்மா கொடுத்தார்களாம். கிழமை எல்லாம் தப்பு, தேதி மட்டும் சரி. எனக்குத் தேதி போதும்.

இன்று ரிசல்ட். பி.ஏ. வரலாறு, முதல் வகுப்பு. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் காலேஜை முடித்த முதல் ஆள் நான்தான். பன்னிரண்டாம் வகுப்பில் பரீட்சையே இல்லாமல் எல்லாரையும் பாஸ் போட்டுவிட்டார்கள் என்பதால் மூன்று வருஷமாக "கொரோனா பாஸ்" என்ற கேலியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இனி எவனாவது சொல்லட்டும், மார்க் லிஸ்ட்டை மூஞ்சியில் விசிறுவேன்.

சுடலை முட்டை பப்ஸ் நாலு வாங்கி வந்தான். வீட்டில் இருப்பது அம்மா, அவன், நான். நாலாவது யாருக்கு என்று கேட்டேன். "பாஸானவளுக்கு ரெண்டு" என்றான்.

அப்பா கேரளாவிலிருந்து போன் பண்ணினார். அடுத்து என்ன என்று கேட்டார். வக்கீலுக்குப் படிக்கப்போகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிக்னல் போய்விட்டது என்றார். அதெல்லாம் ஒன்றும் போகவில்லை.

மே 18

ஜெசிந்தா அக்காவின் இ-சேவை மையத்தில் பாதி நாள் போயிற்று. மதுரைப் பக்கம் ஒரு தனியார் சட்டக் கல்லூரி இருக்கிறது. மூன்று வருஷப் படிப்பு. இதுவரை பட்டதாரியே இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஆறு இடம் தனியாக வைத்திருக்கிறார்கள். படிப்பும் விடுதியும் இலவசம். நேர்முகம் வைத்துத்தான் எடுப்பார்களாம். ஆறே ஆறு இடம். அதில் ஒன்று எனக்கு வேண்டும். இது இல்லாவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியும். மாப்பிள்ளை போட்டோ வர ஆரம்பித்துவிடும்.

விண்ணப்பத்தில் 'உங்கள் பின்னணி' என்று ஒரு பகுதி. முன்னூறு வார்த்தையில் எழுத வேண்டும்.

"எட்டி பிரமு, படிச்சா அவங்க கண்ணுல தண்ணி வரணும்" என்றாள் ஜெசிந்தா அக்கா. "அம்மா சத்துணவுச் சமையல்னு முதல் வரியிலேயே போட்டுரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் அம்மா சமைக்கிறாள், பிச்சையா எடுக்கிறாள்? அழுகாச்சி எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 19

நாலு தாளைக் கிழித்துப் போட்டபின் சரியாக வந்தது. முதல் பத்தியை இங்கே எழுதி வைக்கிறேன், நன்றாக இருப்பதால்.

"என் பெயர் பிரம்மசக்தி. நானும் என் சகோதரன் சுடலைமுத்துவும் ஒரே வீட்டில், ஒரே நாளில் பிறந்தோம். ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சில் படித்தோம். ஒரே தட்டில் சாப்பிட்டோம். அவன் பத்தாம் வகுப்பில் நின்றுவிட்டான். நான் நிற்கவில்லை. பின்னணி ஒருவரைத் தீர்மானிப்பதில்லை, உழைப்புதான் தீர்மானிக்கிறது என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி உண்டு."

ஜெசிந்தா அக்கா படித்துவிட்டு மேஜையைத் தட்டினாள். "இதுதாண்டி வேணும். ரெட்டைப் பிள்ளைன்னு போட்ட பாரு, அங்கதான் நிக்குற!"

ஒரே நாளில் பிறந்தோம் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. நிஜத்தில் நான் சுடலைக்குப் பதினேழு மாதம் இளையவள். அம்மா எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் சமையல். என்னை வீட்டில் விட ஆளில்லாமல் சமையல் கொட்டகையில் உட்கார்த்தி வைத்திருப்பாள். அந்த வருஷம் பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்து ஒரு வாத்தியாரைத் தூக்கிவிடுவார்கள் என்ற நிலை. தலைமையாசிரியர், அவரைப் பெரிய சார் என்போம், சுடலையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது என்னையும் சேர்த்து எழுதிவிட்டார். சுடலையின் பிறந்த தேதியே எனக்கும். கேட்டால் இரட்டைப் பிள்ளை. மூன்றே முக்கால் வயதில் ஒன்றாம் வகுப்பு! அதனால்தான் பதினெட்டரை வயதில் பட்டம். காகிதத்தில் எனக்கு இருபது. வெளியே பீற்றிக்கொள்ளத்தான் வழியில்லை. மற்றபடி சின்ன விஷயம்.

மே 21

அச்செடுக்க டவுனுக்குச் சுடலையின் குட்டியானை லோடு வண்டியில்தான் போனேன். நான் போட்டோ ஒட்டிக்கொண்டிருந்தபோது அவன் அந்தத் தாளை எடுத்துப் படித்தான். அவன் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான், நேரம் ஆகும். முழுவதும் படித்தான்.

"எப்படில இருக்கு?" என்றேன்.

"நல்லா எழுதிருக்க."

திரும்பும்போது பாட்டுப் போடவில்லை. ஸ்பீக்கர் ரிப்பேர் என்றான்.

மே 22

தண்ணீர் வரவில்லை. பதினோரு குடம் அடிபம்பில். கை காய்த்துவிட்டது. ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் தெருமுனையில் அவன் வண்டி கழுவும்போது பாட்டுக் கேட்டது.

மே 29

நேர்முகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்! ஜூன் 12. ஜெசிந்தா அக்கா போனில் கத்திய கத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தாராம்.

கொண்டுவர வேண்டிய சான்றிதழ்ப் பட்டியலில் ஐந்தாவது, பிறப்புச் சான்றிதழ். அதை நான் இதுவரை பார்த்ததே இல்லை. யாரும் கேட்டதுமில்லை, எல்லா இடத்திலும் பள்ளிக்கூட டி.சி.யே போதுமானதாக இருந்தது. ஜெசிந்தா அக்கா கம்ப்யூட்டரில் தேடி எடுத்துக் கொடுத்தாள். 9 அக்டோபர் 2005. ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை, அங்கேயே சரியாகப் பதிந்திருக்கிறார்கள். மார்க் லிஸ்ட்டில் 14 மே 2004.

அக்கா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "ரெட்டைப் பிள்ளைன்னு வேற எழுதிருக்கோமே, எட்டி" என்றாள்.

மே 31

கோர்ட் வாசலில் நோட்டரி வைகுண்டம் என்று ஒருவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இது ஒரு விஷயமாம்மா? ஆஸ்பத்திரி பதிவு தப்பு, ரெண்டும் ரெட்டைப் பிள்ளைதான், ஸ்கூல் தேதிதான் சரின்னு உங்க அம்மா ஒரு அஃபிடவிட் போட்டா முடிஞ்சுது. இன்னைக்கே தாரேன்."

"அது பொய்யில்லா?" என்று அம்மா கேட்டாள்.

"ஏற்கெனவே சொன்னதுதானம்மா. புதுசா ஒண்ணும் சொல்லலையே."

அம்மா கையெழுத்துப் போட்டாள். ஆவுடையம்மாள் என்பதில் ஒரு எழுத்து குறைந்துபோய், திரும்பப் போட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன் என்று அந்தத் தாளில் மூன்று இடத்தில் இருக்கிறது. வக்கீலாவதற்கு என் ஃபைலில் போன முதல் சத்தியம் இது. பஸ்ஸில் வரும்போது அதைப் பற்றி நினைக்கவில்லை. ஜன்னலோரம் கிடைத்தது.

ஜூன் 4

இன்றைக்கு அம்மாவிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பெரிய சார் எழுதினார் சரி, நீ ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கேட்டேன்.

"ஒத்துக்காம? ஒன்னைக் கொட்டகையில வச்சுக்கிட்டு அடுப்புப் பக்கம் எத்தன நாளு கெடப்பேன்? கொதிக்கிற சாம்பார்ல கைய விடப் பாத்தவதான நீ. வகுப்புல உக்காந்தா ஒரு தொல்ல விட்டுதுன்னு நெனச்சேன்."

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள்.

"ஒரு நாளு ஆபீசர் வந்தாரு. ரெட்டைப் பிள்ளையளைக் கூப்பிடுன்னாரு. யாருல மூத்ததுன்னு கேட்டாரு. அதுக்கு முந்தியே சுடலைட்ட சொல்லி வச்சிருந்தோம். ரெண்டு பேரும் ஒண்ணுதான் சார்னு கரெக்டா சொல்லிட்டான். ஆபீசர் பிஸ்கெட்டு குடுத்தாரு. வீட்டுக்கு வந்து அந்த பிஸ்கெட்ட வீசிட்டு, நான்தானம்மா மூத்தவன், நான்தானம்மா மூத்தவன்னு ஏங்கி ஏங்கி அழுதான். அஞ்சு வயசு அவனுக்கு."

"எனக்கு ஞாபகம் இல்லையே."

"ஒனக்கு எங்க இருக்கும், நீ அந்த பிஸ்கெட்ட எடுத்துத் தின்னுட்டு இருந்த. அண்ணேன்னுதான் அப்போ கூப்பிடுவ. மழலையில ண்ணே ண்ணேன்னு அவன் பின்னாடியே திரிவ. பள்ளிக்கூடத்துல யாரு காதுலயும் விழுந்துரப்படாதுன்னு நான்தான் ஒன் வாயிலேயே ரெண்டு போட்டு மாத்துனேன். பேரு சொல்லிக் கூப்பிடு, பேரு சொல்லிக் கூப்பிடுன்னு."

கீரையில் ஒரு புழு. தூக்கிப் போட்டேன். எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 6

வேலை நிறைய. எழுத நேரமில்லை.

ஜூன் 9

ஞாயிற்றுக்கிழமை, சுடலைக்கு லோடு இல்லை. நேர்முகத்துக்குப் பழக அவனை நீதிபதியாக உட்கார வைத்தேன். அம்மாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். கேள்விகளை நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

"உங்கள் ஊருக்கு என்ன செய்வீர்கள்?" கேட்டான். சொன்னேன். "ஏன் சட்டம் படிக்க வேண்டும்?" சொன்னேன். மூன்றாவது கேள்வியைக் கண்ணாடிக்குள்ளிருந்து எழுத்துக் கூட்டினான். "உங்களோடு ஒரே நாளில் பிறந்த சகோதரர் ஏன் படிக்கவில்லை?"

தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன். "அவனுக்கு என்னைவிடக் குறைவான வாய்ப்பு எதுவும் இல்லை. உழைப்பில்தான் வித்தியாசம்."

"சரி" என்றான். கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தான். "நல்லா சொல்லுத. கொஞ்சம் மெதுவாச் சொல்லு." வெளியே போக நிலைப்படியில் தலையைக் குனிந்தான். எங்கள் வீட்டு நிலை தாழ்வு, அவன் தினமும் குனிகிறவன்தான்.

அந்தக் குனிவைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. எழுதாமல் விடலாம் என்று பார்க்கிறேன். முடியவில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து எங்களுக்குக் கணக்கு எடுத்த சாருக்கு ஒரு பழக்கம். பேப்பர் கொடுக்கும்போது கூடின மார்க் வாங்கினவர் குறைந்த மார்க் வாங்கினவர் தலையில் குட்ட வேண்டும். ஒருவருக்கொருவர் ஜோடி போட்டு வைத்திருந்தார். எங்களை வேறு யாரோடும் ஜோடி சேர்க்கவில்லை. "ஒரே வயித்துல ஒரே நாள்ல பெறந்தது, ஒண்ணுக்கு மூளை இருக்கு, ஒண்ணு மண்ணாந்தையா? குட்டு பிரமு" என்பார். வகுப்பே சிரிக்கும். நான் குட்டினேன். ஓங்கித்தான் குட்டினேன், மெதுவாகக் குட்டினால் திரும்பக் குட்டச் சொல்வார். இதுவும் முழு உண்மை இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

ஆறு, ஏழு, எட்டு, மூன்று வருஷம். நான் அவனைவிட ரொம்பக் குட்டை. எனக்கு எட்டாது. ஒவ்வொரு தடவையும் எனக்கு எட்டுகிற மாதிரி அவன் தலையைக் குனிந்து கொடுப்பான்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் ஃபெயில். மறுபரீட்சைக்குப் பணம் கட்டப் பெரிய சாரே வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். "போதும் சார்" என்றான். சோம்பேறி என்று நான்தான் எல்லாரிடமும் சொன்னேன்.

ஜூன் 11

நாளைக்கு. துணி தேய்த்தாயிற்று. ஃபைலில் அஃபிடவிட் மேலேயே இருக்கிறது. அதைக் கீழே வைத்தேன். மறுபடி மேலே வைத்தேன்.

ஜூன் 12

சுடலை ஒரு நாள் லோடை விட்டுவிட்டுக் கூட வந்தான். வாட்ச்மேன் அவனை உள்ளே விடவில்லை. "நான் இங்க நிக்கேன், நீ போ" என்று கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

உள்ளே மூன்று பேர். நடுவில் முன்பு நீதிபதியாக இருந்த ஓர் அம்மா, வெள்ளை முடி, குரல் ரொம்பத் தணிவு. ஒரு பக்கம் கல்லூரி முதல்வர், இன்னொரு பக்கம் ஒரு வக்கீல். முதல் இரண்டு கேள்விக்கும் நன்றாகவே சொன்னேன். வக்கீல் தலையாட்டினார். இடம் கிடைத்துவிடும் என்று எனக்கே தோன்றியது. அப்போது அந்த அம்மா என் தாளைக் கையில் எடுத்தார்.

"நல்லா எழுதியிருக்கே. ஒரே நாள், ஒரே பெஞ்ச், ஒரே தட்டு. அப்படீன்னா உங்க சகோதரர்கிட்ட என்னதான்மா குறை?"

நான் எழுதிக் கொடுத்து, சுடலை வாசித்து, நான் மனப்பாடம் பண்ணின அதே கேள்வி. வாயைத் திறந்தேன். அவன் இந்த வெயிலில் கேட் பக்கம் நிற்கிறான் என்பதுதான் நினைவுக்கு வந்தது.

"அவன்கிட்ட ஒரு குறையும் இல்ல மேடம். நான் எழுதினதுதான் தப்பு. நாங்க இரட்டை இல்ல. அவன் எனக்குப் பதினேழு மாசம் மூத்தவன்."

வக்கீல் பேனாவை வைத்துவிட்டார். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. சமையல் கொட்டகை, பெரிய சார், தேதி, குட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். "அவன் சுமாராப் படிக்கிறவன் மேடம். தனியா விட்டிருந்தா சுமாராவே படிச்சு பாஸாகியிருப்பான். பக்கத்துல என்னை உட்கார வச்சிட்டாங்க."

"அப்போ பதினெட்டு வயசுல பட்டம்" என்றார் முதல்வர். "அதை எழுதியிருந்தாலே போதுமே. அதுவே பெரிய விஷயமில்லையா?"

"பெரிய விஷயந்தான் சார். ஆனா அதுக்கு என் மார்க் லிஸ்ட்டுல தேதி தப்புன்னு ஒத்துக்கணும்."

அந்த அம்மா என் ஃபைலைத் திருப்பினார். மேலேயே இருந்தது அஃபிடவிட். முழுவதும் படித்தார். "இதைக் கொடுக்கப் போறியா?"

"இல்ல மேடம்."

"கொடுத்திருந்தா நாங்க மேல கேட்டிருக்க மாட்டோம், தெரியுமா?"

"தெரியும் மேடம்."

அவர் அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "சின்ன வயசுல முடிச்சதை யாரும் குறையாச் சொல்ல மாட்டாங்க. ஆனா ரெண்டு தேதியோட ஒரு ஆளை நான் உள்ளே எடுக்க முடியாது. கோர்ட்டுல கேஸ் போட்டுத் தேதியைச் சரி பண்ணிட்டு வா. இந்த வருஷம் முடியாதும்மா. அடுத்த வருஷமும் நிச்சயமா இடம் தர்றேன்னு என்னால சொல்ல முடியாது."

வெளியே வந்தேன். சுடலை ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவனைக் கூப்பிட வேண்டும் என்று வாய் வரைக்கும் ஒரு வார்த்தை வந்தது. பதினைந்து வருஷம் சொல்லாத வார்த்தை, வெட்கமாக இருந்தது. "இடம் இல்லன்னுட்டாங்க" என்று மட்டும் சொன்னேன்.

"ஏன்? நல்லாத்தான சொன்ன அன்னைக்கி?"

"மெதுவாச் சொல்லலை" என்றேன்.

ஜூன் 13

அழுதேன். ஆறு இடம். ஒன்று என் கையில் இருந்தது. வீரமாகப் பேசிவிட்டேன் என்றெல்லாம் இன்றைக்குத் தோன்றவில்லை. வயிறெரிகிறது.

ஜூன் 15

அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். கேஸ் போட்டால் நீதான் பொய்த் தேதி கொடுத்தாய் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும், வேலைக்கு ஏதாவது வந்தாலும் வரலாம் என்றேன். பெரிய சார் போன வருஷம் இறந்துவிட்டார். பதில் சொல்ல மிச்சமிருப்பது அம்மா மட்டும்தான்.

அம்மா அரிசி களைந்துகொண்டே இருந்தாள். "கரண்டியப் பிடுங்குவாவளா? பிடுங்கட்டும். பதினஞ்சு வருசமா அந்தப் பய அழுத அழுக எங் காதுலதான் கெடக்கு. வக்கீலைப் பாரு."

பிறகு அந்த அஃபிடவிட்டை வாங்கி அடுப்பில் வைத்தாள். வழவழப்புத் தாள், சீக்கிரம் எரியவில்லை.

ஜூன் 27

அப்பா போன். மாப்பிள்ளை ஒருவர் இருக்கிறாராம். எனக்குப் பதினெட்டுதான் ஆகிறது, ஒரு வருஷம் சும்மா போனாலும் மற்றவர்களுக்கு முன்னால்தான் இருப்பேன் என்றேன். இந்தத் தடவை நிஜமாகவே சிக்னல் போய்விட்டது.

ஜூலை 8

கேஸ் தாக்கல். ஜெயிக்கலாம், ஜெயிக்காமலும் போகலாம் என்றுதான் வக்கீலம்மா சொல்கிறார். டி.சி., மார்க் லிஸ்ட், ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டும். அலைவேன். வேறு என்ன வேலை எனக்கு?

அம்மாவின் கையெழுத்து முடிந்தது. அடுத்து சுடலையுடைய உறுதிமொழிப் பத்திரம். கோர்ட் வாசல் மரத்தடியில் டைப் அடிக்கிறவர் கேட்டார்.

"சுடலைமுத்து, வயசு இருபது, டிரைவர். மனுதாரருக்கு என்ன உறவும்மா?"

"அண்ணன்."

அவர் பாட்டுக்கு டைப் அடித்தார். 'மனுதாரரின் அண்ணன்.' தாளை உருவிக் கொடுத்தார். அந்த வார்த்தையை ஒரு காகிதத்தில் நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. "ஆளைக் கூப்பிடும்மா, கையெழுத்துப் போடணும்" என்றார்.

சுடலை ரோட்டுக்கு அந்தப் பக்கம், வண்டியில் சாய்ந்து கரும்புச் சாறு குடித்துக்கொண்டிருந்தான். போனும் அவன் கையில் இல்லை.

"அண்ணே!" என்று கத்தினேன்.

டீ வாங்கிக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பினார்கள். ஒரு போலீஸ்காரர் திரும்பினார். சுடலை திரும்பவில்லை. அவனைத்தான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"அண்ணே! சுடல அண்ணே! ஒன்னத்தான்!"

திரும்பினான். என்னைப் பார்த்தான். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தான், லாரிக்காரன் ஒருவன் திட்டினான். என் முன்னால் வந்து நின்றான். காதெல்லாம் சிவந்திருந்தது. தாளை வாங்கி எழுத்துக் கூட்டினான். அந்த இடம் வந்ததும் நின்றான். மறுபடி முதலிலிருந்து படித்தான்.

மேஜை தாழ்வு. கையெழுத்துப் போட நன்றாகக் குனிந்தான். உச்சந்தலை என் நெஞ்சுக்கு நேராக இருந்தது. நிமிராமலேயே சொன்னான்.

"குட்டணும்னா குட்டிக்கோட்டி. எட்டும்."

பட்டப்பகலில், கோர்ட் வாசலில், அத்தனை பேருக்கு முன்னால் நான் ஓவென்று அழுதேன். தாள் நனையும், தள்ளி நில்லும்மா என்றார் டைப் அடிக்கிறவர்.